வெஞ்சனம் கேட்ட மாப்பிள்ளை

திண்டுக்கல் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டலில் முப்பத்தொரு வருடமாகப் பரிமாறுகிறவர் சடையாண்டி. வேலை என்னவோ சப்ளையர் வேலைதான். நினைப்பு மட்டும் ஜில்லா கலெக்டர் நினைப்பு. சாப்பிட உட்கார்ந்தவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் எந்த ஊர், எத்தனை தலைமுறையாக அந்த ஊர், நடுவில் எங்கே போய்க் கெட்டுப்போனான் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். சொன்னதோடு விட்டாலாவது பரவாயில்லை. அந்த ஊருக்குத் தகுந்த மாதிரி ஓர் இளக்காரத்தையும் கூட்டுப் பொரியலோடு சேர்த்து இலையில் வைத்துவிட்டுத்தான் நகர்வார்.

காப்பிக்குச் "சக்கரை கொஞ்சம் போடுங்க" என்று எவனாவது கேட்டுவிட்டால் தீர்ந்தது. சமையல்கட்டுக்குள் வந்து, "சக்கரையாம்ல, சக்கரை! பொங்கலா வைக்கப் போறான்? காப்பிக்குப் போடுறது சீனிடா" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வார். தஞ்சாவூர்க்காரர் "ஜீனி" என்றால், "குதிரை மேல போடுறதா?" என்பார். ரசத்தைச் "சாறு" என்கிற பொள்ளாச்சிக்காரருக்கு, "கரும்புச் சாறா, எலுமிச்சஞ் சாறா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார். "சைட் டிஷ் என்ன இருக்கு?" என்கிற மெட்ராஸ்காரனுக்குப் பதிலே கிடையாது. அவன் தலைக்கு மேல் எங்கேயோ காக்கா பறக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார். சோற்றுக்கோ தோசைக்கோ தொட்டுக்கொள்ள வைப்பது எதுவானாலும் அதற்கு உலகத்தில் ஒரே பேர்தான் உண்டு, வெஞ்சனம். அது தெரியாதவனெல்லாம் எதற்குச் சாப்பிட வருகிறான் என்பது அவருடைய கட்சி.

சரக்கு மாஸ்டர் பாக்கியராஜ் பலதடவை சொல்லிப் பார்த்துவிட்டார். "அண்ணே, மூணாம் டேபிளு உடுமலப்பேட்டைண்டு வந்து சொல்றீங்களே, நான் உடுமலப்பேட்டையவா சட்டியில போட்டு வறுக்க? ஆளுக்கு என்ன வேணும்ணு சொல்லுங்கண்ணே!"

"ஒனக்குத் தெரியாது அப்பு" என்பார் சடையாண்டி. "அய்யலூர்ச் சந்தையில எங்கய்யன் ஆடு வாங்கயில பல்லத்தான் பாப்பாரு. ஆட்டுக்குப் பல்லு, மனுசனுக்கு நாக்கு. நாக்கப் பாத்தாத் தெரிஞ்சிரும், உள்ள என்ன இருக்குண்டு."

பழனிக்குப் போகிற பேருந்துகள் வந்து நிற்கிற ஊர் இது. தைப்பூசம் வந்துவிட்டால் ஜில்லாவுக்கு ஒரு நாக்கு என்று வண்டி வண்டியாக இறங்கும். மற்ற சப்ளையர்களுக்கு இடுப்பு ஒடியும். சடையாண்டிக்கு மட்டும் அது திருவிழா. ஒரு நாளைக்கு முந்நூறு பேரை இளக்காரமாகப் பார்க்கிற பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்? வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து, யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்று ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டுவார். கேட்பதற்கு அவர் மனைவி பொன்னாத்தாள் இருந்தாள். அவள் சிரித்தாளா இல்லையா என்று அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பொன்னாத்தாளுக்குக் கள்ளிமந்தையம். ஒட்டன்சத்திரம் தாண்டிவிட்டால் பேச்சு கொங்குப் பக்கம் சாய்ந்துவிடும், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். உறவுமுறையில் பொண்ணு, குணமான பொண்ணு என்று அய்யலூரிலிருந்து போய்க் கட்டிக்கொண்டு வந்தார் சடையாண்டி. வந்த மூன்றாம் நாள் அவள், "சோத்த வட்டல்ல போட்டுறட்டுங்களா?" என்று கேட்டாள். புதுப்பெண், புருஷனுக்குச் சோறு போட ஆசையாகக் கேட்கிறாள். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வாசலில் போய் நின்று அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டார். "இங்க வந்து கேளுங்க! கும்பாவுக்கு இவுக ஊருல வட்டலாம்! ஏ புள்ள, இன்னொருக்கச் சொல்லு!" அவளும் ஏதோ பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னொருதரம் சொன்னாள். ஏழெட்டுப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அது தினப்படி சடங்கு ஆகிவிட்டது. வீட்டுக்குப் பின்பக்கத்தைப் பொடக்காலி என்றாள். கொல்லை என்று திருத்தினார். விருந்தாளி வந்தால் ஒறம்பரை என்றாள். திருவிழாவை நோம்பி என்றாள். ஒவ்வொன்றையும் ஓட்டலுக்குக் கொண்டுபோய்ச் சொல்லிச் சிரித்தார். சாப்பிட உட்கார்ந்து கும்பாவைக் கையால் மூடிக்கொள்வார். அவள் சரியான வார்த்தையைச் சொன்னால்தான் கையை எடுப்பார், இல்லாவிட்டால் பட்டினி கிடப்பார். பட்டினி கிடப்பதும் அவருக்கு ஒரு வீரம். மூன்று வருடத்தில் பொன்னாத்தாள் அய்யலூரில் பிறந்தவளைப் போலவே பேசினாள். பத்து வருடத்தில் பேச்சையே குறைத்துக்கொண்டாள். பொண்டாட்டியைத் திருத்திவிட்டேன் என்று சடையாண்டி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவளுடைய அம்மா சாகக் கிடந்தபோது போய்ப் பார்த்த இவள், அங்கேயும் வாய் தவறிக் கொல்லை என்று சொல்ல, சொந்த அண்ணன் தம்பிகளே, "என்ன அம்மிணி, மதுரக்காரியாட்டப் பேசறே?" என்று கேட்டார்களாம். அதையும் ஓட்டலில் வந்து பெருமையாகச் சொன்ன ஆள் இவர்.

இவர்களுக்கு ஒரே மகள், இளவேனில். இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் ஊருக்கே சடையாண்டியின் கிறுக்கு முழுசாகத் தெரிந்தது.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டுப் பெண்கள்தான் பலகாரம் வைப்பார்கள். இவர் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இவரே பரிமாறுவார். தோசையைத் தட்டில் வைத்துவிட்டுத் தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்க மாட்டார். காப்பியைச் சீனி போடாமல் கொடுப்பார். கொடுத்துவிட்டு, எலிப்பொறி வைத்தவன் மாதிரி ஓரமாக நின்று காத்திருப்பார். மாப்பிள்ளை என்ன வார்த்தையில் கேட்கிறான் என்று பார்க்க வேண்டுமாம்.

முதலில் வந்தவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. "அங்கிள், சைட் டிஷ் இல்லையா?" என்றான். அவ்வளவுதான், துண்டை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டாவது பழனிக்காரன், லாட்ஜ் வைத்திருக்கிற குடும்பம், தங்கமான பையன். காப்பியை வாயில் வைத்துவிட்டு, "கொஞ்சம் சக்கரைங்க" என்றான். "பழனியில பஞ்சாமிர்தத்துக்குப் போடுறது போக மிச்சம் இருந்தா இங்க கொண்டாறச் சொல்லு" என்று பொன்னாத்தாளிடம் சொல்லி அவனையும் அனுப்பிவிட்டார். மூன்றாவது வந்தவன் பாவம், எவனோ எச்சரித்து அனுப்பியிருப்பான் போல. வாயே திறக்கவில்லை. வறட்டுத் தோசை மூன்றையும் விக்கி விக்கித் தின்று, கசப்புக் காப்பியையும் குடித்துவிட்டுக் கும்பிட்டான். "ஊமைக் கோட்டான்! எந்த ஊருண்டே தெரியல, இவனுக்கு எப்பிடிப் பொண்ணக் குடுக்க?" என்றார் சடையாண்டி.

மகளுக்கு அன்றைக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா, எனக்கு இருபத்தெட்டு முடியப் போகுது. அவரு நல்லவரா கெட்டவரா, குடிப்பாரா அடிப்பாரா, ஒரு வார்த்த விசாரிச்சீங்களா? தோசைக்கு என்ன கேட்டாருண்டு மட்டும் பாக்குறீங்க!"

"அதுலயே எல்லாம் தெரிஞ்சிரும்த்தா" என்றார் தகப்பன்.

இளவேனில் மனதில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். பரிசோதனை நிலையத்து மிஷின்களைப் பழுது பார்க்க மாதம் இரண்டு தடவை வருகிற மோகன்குமார். உறவுமுறைதான், ஒரே சனம்தான். குலசாமிகூட எரியோட்டுப் பக்கம்தான். ஆனால் மூன்று தலைமுறைக்கு முன்னால் மில் வேலைக்கு என்று உடுமலைப்பேட்டை போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். மூச்சுக்கு மூச்சு 'ங்க' போடுகிற பையன். மழை வந்தால்கூட, "மழைங்க" என்று மரியாதையாகச் சொல்வான். எலிப்பொறியில் தலையை வைத்த மறுநிமிஷம் வெளியே போய் விழுவான் என்பது இளவேனிலுக்குத் தெரியாதா? அம்மாவிடம் போய் அழுதாள். இந்த ஒருவரும் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்றாள்.

பொன்னாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கட்டையும் ஆய்ந்து முடித்த பிறகுதான் பேசினாள். "ஞாயித்துக்கெழம அப்பா ஓட்டலுக்குப் போனா ராத்திரிதான் வருவாரு. தம்பிய வரச் சொல்லு. தெருவுல யாரும் கேட்டா, தண்ணி மிசினு பாக்க வந்திருக்காகண்டு சொல்லிக்கிறலாம்."

அப்படித்தான் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று, சடையாண்டியின் சொந்த வீட்டு அடுப்படியில்!

முதல் ஞாயிறு வந்த மோகன்குமார் வாசலில் தயங்கி நின்று, "செருப்பப் பொடக்காலில உட்டுட்டு வரட்டுங்களா, அத்தை?" என்று கேட்டான். பொன்னாத்தாள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த வார்த்தை அந்த வீட்டில் ஒலித்து இருபத்தேழு வருடமாவது ஆகியிருக்கும்.

"இன்னொருக்கச் சொல்லு சாமி" என்றாள்.

சொன்னான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத மறந்துரணும். கொல்லைண்டு சொல்லணும். எங்க, சொல்லுங்க மாப்ள."

ஐந்து ஞாயிறு நடந்தது. சடையாண்டி என்னென்ன பொறி வைப்பார், எந்த இடத்தில் நிற்பார், எதற்கு மூக்கு விடைக்கும், எதற்குப் புருவம் ஏறும் என்று பொன்னாத்தாளுக்குத் தெரியாதது உண்டா? முப்பது வருடம் அந்தப் பொறிக்குள்ளேயே குடித்தனம் செய்தவள் ஆயிற்றே! சீனி டப்பாவை எடுத்து வைப்பாள், கும்பாவை எடுத்து வைப்பாள், வெறும் தோசையை வைத்துவிட்டு ஓரமாக நிற்பாள். "வாரேன்", "போறேன்", "செத்த நேரம்", "அம்புட்டுத்தான்" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தாள். அவன் தப்புவிட்டால், "பரவால்ல சாமி, ஒரே நாள்ல வந்துருமா? தண்ணியக் குடிச்சிட்டுச் சொல்லுங்க" என்பாள். அம்மா இவ்வளவு பேசுவாளா என்று இளவேனில் வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். சடையாண்டி அந்த நேரத்தில் ஓட்டலில், தஞ்சாவூர்க்காரர் ஒருவருடைய ஜீனியைப் பழித்துக்கொண்டிருந்தார்.

உறவுக்காரர் ஒருவர் மூலமாக மோகன்குமாரின் ஜாதகம் சடையாண்டி கைக்கு வந்து சேர்ந்தது. பெண் பார்க்கிற நாளும் வந்தது. மோகன்குமாருக்கு அப்பா இல்லை; அம்மா மட்டும்தான். அந்த அம்மாவை எப்படிப் பழக்குவது? அறுபது வயசு நாக்கு வளையுமா? அதனால் கழுத்தில் ஒரு மப்ளரைச் சுற்றி, தொண்டைக் கட்டு, பேச முடியாது என்று சொல்லி அழைத்து வந்தான். அந்த அம்மாள் சித்திரை மாத வெயிலில் வேர்க்க விறுவிறுக்க மப்ளரோடு உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.

சடையாண்டி வெறும் தோசையை வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்தார்.

மோகன்குமார் தட்டைப் பார்த்தான். "மாமா, தோசை நல்லா முறுகலாச் சுட்டிருக்கீங்க. வெஞ்சனம் என்ன இருக்கு?"

சடையாண்டியின் மூக்கு விடைக்கவில்லை. புருவம் ஏறவில்லை. முகம் பூரித்துப்போய், "இந்தா வாரேன் மாப்ள!" என்று அடுப்படிக்கு ஓடினார். மாப்ள! ஒரே தோசையில் மாப்ள! அதற்குப் பிறகு சீனியும் சரியாக வந்து விழுந்தது. பையன் சந்தோஷத்தில் தேவைக்கு மேல் நாலு தடவை வெஞ்சனம் என்று சொல்லிவிட்டான். நாலாவது தோசையை வைக்கும்போது மட்டும், "போதுங்" என்று வாய்க்குள்ளிருந்து பாதி வந்துவிட்டது. அதே நொடியில் உள்ளே பொன்னாத்தாள் கை தவறி எவர்சில்வர் தூக்குவாளியைக் கீழே போட்டாள். அந்தச் சத்தத்தில் மீதி 'க' செத்துப்போயிற்று.

அன்று சாயங்காலமே சடையாண்டி ஓட்டலுக்குப் போய்ப் பாக்கியராஜைப் பிடித்துக்கொண்டார். "மூணு தலமுறையா உடுமலப்பேட்டையில கெடந்தும் நாக்கு கெடல பாத்தியா? இந்தக் காதுக்கு முன்னாடி எவனும் தப்ப முடியாதுப்பு. மெட்ராசுக்காரன் வந்தான், பழனிக்காரன் வந்தான், ஒருத்தனாச்சும் நின்னானா?" ஒரு மாதம் இதே பாட்டு. இட்லிக்கு உட்கார்ந்தவனிடமெல்லாம் மாப்பிள்ளையின் நாக்கைப் பற்றிச் சொல்லி, அவன் இட்லியை ஆற வைத்தார்.

வைகாசியில் நிச்சயதார்த்தம். நாகல் நகரில் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து இரண்டு வேன் வந்து நின்றது, முப்பத்தைந்து பேர். பந்தி போட்டாயிற்று. சடையாண்டிக்குக் கை சும்மா இருக்குமா? சமையல்காரர்களை ஒதுக்கிவிட்டுச் சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வரிசைக்குள் இறங்கினார். மருமகனைப் போலவே முப்பத்தைந்து நாக்கும் சுத்தமாக இருக்கும், காதுகுளிரக் கேட்கலாம் என்று நினைப்பு.

"ஏனுங்க சம்பந்தி, நம்மூட்டு ஒறம்பரை அல்லாருக்கும் எடம் இருக்குதுங்களா?" என்றார் முதல் இலையிலிருந்த பெரியவர். அவர் மோகன்குமாரின் தாய்மாமன் நாச்சிமுத்து.

சடையாண்டி அடுத்த இலைக்கு நகர்ந்தார். "கொழந்தைக்கு ஒரு வட்டல் குடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க" என்றது அந்த இலை. அதற்கடுத்த இலை காப்பிக்குச் சக்கரை கேட்டது. வரிசை முழுக்க ஒரே ங்க ங்க என்று தேனீக்கூட்டைக் கலைத்தது மாதிரி இருந்தது. தொண்டைக் கட்டு குணமான மாப்பிள்ளையின் அம்மாள், மப்ளர் இல்லாமல் மணி மணியாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே நின்று ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே, "பொடக்காலிப் பக்கம் கொழா இருக்குதுங்க, வாங்க அம்மிணி, கை கழுவிக்கலாம்" என்றாள். யார் இவள், உடுமலைப்பேட்டைக்காரியா என்று சடையாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

பொன்னாத்தாள்.

வாளியைக் கீழே வைத்தார். நேரே போய் அவளுடைய முழங்கையைப் பிடித்து, வாழை இலைக் கட்டுகள் கிடந்த சமையல்கூடத்து மூலைக்கு இழுத்து வந்தார். மாப்பிள்ளையைப் பழக்கியது யார் என்று கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்தக் காது அவ்வளவு மோசமான காது இல்லை. இத்தனை நாள் அது வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

"ஏமாத்திட்டியா?"

"ஆமா" என்றாள் பொன்னாத்தாள்.

"எம்புட்டு நாளா?"

"மாப்ளைக்கு அஞ்சு வாரம். நானு முப்பது வருசமா."

"எங்கிட்டயேவா! ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கேன்டி. நாளைக்கு ஓட்டல்ல எம்மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைக்க? நிச்சயமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இப்பவே நிறுத்துறேன்."

வாசலில் இளவேனில் பட்டுச் சேலையோடு வந்து நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னாத்தாள் முழங்கையை விடுவித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. "நிறுத்துங்க. அந்தா முப்பத்தஞ்சு பேரு ஒக்காந்திருக்காக. பெரியவங்க நாச்சிமுத்தண்ணே முன்னாடி போயி நின்னு சொல்லுங்க. காப்பிக்குச் சக்கரை கேட்டுட்டீங்க, அதனால பொண்ணத் தர மாட்டேண்டு சொல்லுங்க. இம்புட்டு நாளும் வீட்டுக்குள்ள சொன்னத வெளிய போயிச் சொல்லுங்க. நான் இங்கனயே நின்னு கேக்குறேன்."

சடையாண்டி வாயைத் திறந்தார். அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்திருப்பார் போல, மூடிக்கொண்டார். அப்புறம் வேறு வழியில் வந்தார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே! "எப்பிடியோ போ. படிச்ச பய, வெரசாப் புடிச்சிக்கிட்டான். ஒனக்கு மூணு வருசம் சொல்லிக்குடுத்தேன் நானு. மர மண்ட!"

பொன்னாத்தாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருடத்தில் அப்படி அவள் பார்த்ததில்லை. அதில் கோபம்கூட இல்லை. பரிமாறும்போது இலைக்காரனை அவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"படிப்புனால இல்ல" என்றாள். "எனக்கு மூணு வருசம் ஆச்சு. அவருக்கு அஞ்சு ஞாயித்துக்கெழமதான் ஆச்சு. அவரு தப்பாச் சொல்லயில நான் சிரிக்கலீங்க."

சொல்லிவிட்டு மகளின் சேலை மடிப்பைக் குனிந்து சரிசெய்தாள். "வா கண்ணு, நேரமாச்சு" என்று அவள் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

சடையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நிறுத்துவதாக இருந்தால் அப்போது நிறுத்தியிருக்கலாம். கூடத்துக்குத்தான் போனார், நாச்சிமுத்துவின் முன்னால்தான் போய் நின்றார். பெரியவர் எழுந்து, "என்னமோ சொல்ல வந்தாப்ல இருக்குதுங்களே?" என்று மரியாதையாகக் கேட்டார். சடையாண்டி தலையை இல்லை என்று ஆட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டு மாற்றினார்கள். ஐயர் பத்திரிகை வாசித்தார். இளவேனில் அழுதுகொண்டே சிரித்தாள். மோகன்குமார் மாமனாரின் காலில் விழுந்தபோது என்ன வார்த்தையில் ஆசீர்வாதம் கேட்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தான். அவர் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டார்.

மத்தியானம் சாப்பாடு. பெண்ணைப் பெற்றவர் கடைசிப் பந்தியில் உட்காருவதுதான் வழக்கம். நாச்சிமுத்து கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து, "சம்பந்திங்க நம்மகூடத்தான்" என்று தன் சனத்துக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டார். வலப்பக்கம் ஒன்பது பேர், இடப்பக்கம் ஒன்பது பேர்; எல்லாரும் உடுமலைப்பேட்டை. அவர்கள் வெள்ளாமையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். அவரிடமும் கேட்டார்கள். இவர் ஊம் போட்டார். முப்பத்தொரு வருடமாக அடுத்தவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற மனிதர், இலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பழக்கமில்லாதவர்.

சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. கத்தரிக்காய் நன்றாக அமைந்திருந்தது. இரண்டு வாயில் தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது அவருக்கு. மாப்பிள்ளையின் அம்மாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியோடு வந்து, அவர் இலைக்கு முன்னால் நின்றாள்.

"என்னங்க வேணும் சம்பந்தி? கூச்சப்படாமச் சொல்லுங்க."

வரிசையில் இருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். மரியாதைக்குத்தான் பார்த்தார்கள், வேறொன்றும் இல்லை. பந்தியின் கடைசியில் நின்றிருந்த பொன்னாத்தாளும் பார்த்தாள். சடையாண்டிக்குத் தொண்டை வரை வந்தது வார்த்தை. சொன்னால் இவர்கள் சிரிப்பார்களோ என்று இருந்தது.

வாயைத் திறக்காமல், விரலை நீட்டி வாளியைக் காட்டினார்.